இருபத்தோரு அவுன்ஸ்

ஏனுங்ணா, இந்த சீட்டுக்கு ஆள் வருதுங்களா? இல்லீங்களா? நல்லதாப் போச்சு. நீங்க ஜன்னலோரமே இருங்க, நானு இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். சித்த இருங்க, டபக்குன்னு உக்கார முடியாது. மொதல்ல கம்பியைப் புடிக்கோணும். அப்புறம் ஒரு பக்கமாச் சாயோணும். அப்புறம் முட்டியை மெதுவா... ஆ... அம்மா... அவ்வளவுதானுங். உக்காந்தாச்சு. மூலமான்னு கேட்டுறாதீங்க. போன வாரம் டவுன் பஸ்சுல ஒரு அம்மா கேட்டே போடுச்சு. வியாதி ஒண்ணும் இல்லீங்ணா. பேன்ட்டுதான்.

சத்திக்கா போறீங்க? நானு அதுக்கு முன்னாடியே, கொளத்துப்பாளையம் பிரிவுல எறங்கோணும். புளியம்பட்டிக்கு ஒரு ஸ்டாப்பு முன்னாடி. என்ற சம்சாரத்தைக் கூட்டிட்டு வரப் போறனுங். ஆவணியில அம்மா ஊட்டுக்குப் போனவ, ஐப்பசி பொறந்தாச்சு, இன்னும் வரலை. இன்னிக்கு வருவா. அவளே போன் பண்ணிச் சொன்னா. "பத்தரை மணிக்குப் பிரிவுக்கு வர்ற பஸ்சுல வாங்க மாமா, அங்கயே நிக்கறேன். வந்தீங்கன்னா சாயந்திரம் உங்க கூடவே கெளம்பிடறேன். வரலைன்னா இனி எப்பவும் வர வேண்டாம்"னு. கோவத்துல பேசறதுதான், எந்தப் பொம்பளை பேசலை? அவ இல்லாத ஊட்டுல ஒத்தையில இருக்க முடியலை. டிவியைப் போட்டுட்டு, அது என்ன பேசுதுன்னே தெரியாம உக்காந்திருக்கறேன். உக்காந்திருக்கறேன்னா, நின்னுட்டுத்தான் இருக்கறேன்.

எல்லாத்துக்கும் காரணம் இந்தப் பேன்ட்டுன்னு அவ ஊரே சொல்லுது. நீங்க பெரியவங்க, நீங்களே சொல்லுங்க. ஒரு பேன்ட்டு என்னுங்ணா பண்ணும்?

தொட்டுப் பாருங்க. பரவாயில்லீங், தொடுங்க. தகரமாட்டம் இருக்குதா? ஒரு கஜம் துணியோட கனமே இருபத்தோரு அவுன்சுங்ணா. சாதாரண ஜீன்சு இதுல பாதிதான் தேறும். ஐயோ, கையை வேட்டியில தொடைக்காதீங்க! நீலம் ஒட்டிக்கும். இந்தாங்க, இந்தக் கைக்குட்டையில தொடைங்க. இது ஏற்கனவே நீலந்தான்.

கடையில விக்கற ஜீன்செல்லாம் ஏற்கனவே தொவைச்சு, தேய்ச்சு, வெளுக்க வெச்சு விக்கறதுங். எவனோ தேய்ச்ச தேய்ப்பு. அதைக் காசு குடுத்து வாங்கி நம்ம போட்டுக்கறோம். இது அப்படி இல்லீங். தறியை விட்டு எறங்குன துணி, சாயமும் கஞ்சியுமா அப்படியே வெட்டித் தைச்சது. தண்ணியவே பாக்காதது. நம்ம போட்டுப் போட்டு, உக்காந்து எந்திரிச்சு, நம்ம ஒடம்புக்குத் தக்கன அதுல கோடு விழுகோணும். தொடைக்கு மேல பூனை மீசையாட்டம் விழுகும். முட்டிக்குப் பொறத்தால தேன்கூடாட்டம் விழுகும். ஒருத்தன் போட்ட பேன்ட்டாட்டம் இன்னொருத்தன் பேன்ட்டு ஒலகத்துலயே இருக்காதுங்ணா.

நானு பீளமேட்டுல ஒரு மோட்டார் கம்பெனியில சர்வீஸ் பாக்கறனுங். அங்க கூட வேலை செய்யற பையன் ஒருத்தன் ஒரு வாட்சப் குரூப்புல சேத்து விட்டான். எல்லாம் இந்தப் பேன்ட்டுக்காரங்கதான். சென்னையில ஒரு டாக்டரு, ஓசூருல ஒரு பேங்கு மேனேஜரு, நாகர்கோயில்ல ஒரு வாத்தியாரு. எல்லாரும் ஒரே சமயத்துல ஒரே பேன்ட்டு வாங்கி, தெனமும் போட்டு, யாருக்குக் கோடு நல்லா விழுகுதுன்னு ஒரு போட்டி. மொதப் போட்டோ நாளைக்குப் போடோணும். எனக்கு ஜெயிக்கற யோகம் இருக்குதுன்னு அந்த டாக்டரே சொல்றாரு.

பேன்ட்டு வந்த அன்னிக்குப் போட்டுப் பாத்துட்டு, கழட்டி ரூம் மூலையில நிக்க வெச்சேன். ஆமாங்ணா, நிக்கும்! உள்ளார காலே இல்லாம நிக்கும். காப்பியோட உள்ள வந்த பிருந்தா அதைப் பாத்துட்டு, "மாமா, நீங்க இல்லாமயே நிக்குது"ன்னா. சிரிச்சா. அன்னிக்கெல்லாம் சிரிச்சுட்டுத்தான் இருந்தா. அந்தச் சிரிப்பு எப்ப நின்னுச்சுன்னு எனக்குத் தெரியலீங்ணா.

சித்த எந்திரிச்சுக்கறேன். தொடையிடுக்குல வெட்டுது. நீங்க கேளுங்க, நின்னுட்டே சொல்றேன்.

இந்தப் பேன்ட்டுக்கு மொத ஊறல்னு ஒண்ணு இருக்குதுங். அதுதான் முக்கியம். கொதிக்கற தண்ணியில உள்பக்கத்தை வெளிய திருப்பிப் போட்டு, மெதக்காம மேல ஒரு கல்லை வெச்சு ஊற விடோணும். கஞ்சி எறங்கும், துணி சுருங்கும். அப்புறம் ஈரத்தோடவே எடுத்து மாட்டிக்கோணும். மாட்டிட்டாக் காயற வரைக்கும் கழட்டக் கூடாது. நம்ம ஒடம்பு மேல காஞ்சாத்தான் நம்ம வாகு அதுல எறங்கும். நடுவுல கழட்டிட்டா, தொட்டிலுக்கு அளவெடுத்துட்டு வண்டிக்கு ஆணியடிச்ச கதைதான்.

ஊட்டுல அவ்வளவு பெரிய ஏனம் எது இருக்குது? பிருந்தாவோட சீர் அண்டா இருந்துச்சு. கழுவித் தொடைச்சு வாசல்ல வெச்சிருந்தா. தண்ணியைக் காய வெச்சு ஊத்தி, பேன்ட்டைப் போட்டு, கொழவிக்கல்லைத் தூக்கி மேல வெச்சுட்டேன். வந்து பாத்தவ தலையில கையை வெச்சு உக்காந்துட்டா. அந்த அண்டாவுலதான் அவ தங்கச்சி உறுதி வார்த்தைக்கு, அதான் நிச்சயத்துக்கு, பாயசம் காய்ச்சறதுன்னு எடுத்து வெச்சிருந்தாளாம். எனக்கெப்படித் தெரியும்? கழுவுனா நீலம் போகாதுங்களா?

தங்கச்சின்னா மிருதுளா. எனக்குக் கொழுந்தியா. நல்ல புள்ளைங்ணா. கூடப் படிச்ச பையனையே கட்டிக்குவேன்னு ஒத்தைக் காலுல நின்னா. எங்க மாமனாரு முடியவே முடியாதுன்னுட்டாரு. பையன் ஊட்டுலயும் அதே பல்லவி. பிருந்தாதான் இங்க அழுது, அங்க கெஞ்சி, ரெண்டு ஊட்டையும் ஒரு வழிக்குக் கொண்டு வந்தா. அந்தக் கதை பெரிய கதை, அது எதுக்கு நமக்கு. கடைசியில பையன் ஊட்டுக்காரங்க ஒரு ஞாயித்துக்கெழமை தட்டு மாத்த வாரதா முடிவாச்சு.

நானு சனிக்கெழமை காலையில பேன்ட்டை ஊறப் போட்டேன். சாயந்திரத்துக்குள்ள காஞ்சிரும்னு கணக்கு. மதியம் எடுத்து மாட்டிட்டு மாடியில நிக்கறேன், வானம் மூடிக்கிச்சு. கெரகத்தைப் பாத்தீங்களா? மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஃபேனுக்கு அடியில நின்னேன், அடுப்புக்கிட்ட நின்னேன். ஞாயித்துக்கெழமை விடிஞ்சும் இடுப்புல ஈரம், முட்டியில ஈரம்.

"மாமா, ஒரே ஒரு மணி நேரம். வேட்டி கட்டிக்கங்க"ங்கறா பிருந்தா.

"பேன்ட்டு ஈரமா இருக்குது புள்ள"ன்னேன்.

"ஈரமா இருந்தாக் கழட்டுங்க"ங்கறா!

ஈரமா இருக்கறதுனாலதானுங்ணா கழட்டக் கூடாது! இத்தனை நேரமா நானு என்ன சொன்னேன், உங்களுக்குப் புரிஞ்சுதில்ல? அவளுக்குப் புரியலை. சரி, சண்டை வேண்டாம்னு அந்தப் பேன்ட்டோடவே கெளம்பிட்டேன். பைக்குல போனாக் காத்துல காயுமேன்னு பைக்குலயே போனேன். பிருந்தா அந்த அண்டாவைத் தூக்கிட்டுப் பஸ்சுல வந்தா.

எங்க மாமனார் ஊட்டுல ஒரு வழக்கம் இருக்குதுங். தட்டு மாத்தறப்ப பெரிய மாப்பிள்ளைதான் ஜமக்காளத்துல சம்மணம் போட்டு உக்காந்து, பையன் ஊட்டுத் தட்டைக் கையில வாங்கோணும். வாங்கி மாமனார்கிட்டக் குடுக்கோணும். அப்பத்தான் இந்த ஊட்டுக்கு முழுச் சம்மதம்னு அர்த்தம். சபை பூரா உக்காந்திருக்கறப்ப ஒருத்தன் நின்னான்னா, அவன் மனசுல எதோ பேச்சு இருக்குதுன்னு அர்த்தம். எனக்குத் தெரியாம இல்லீங். நல்லாவே தெரியும்.

பையனோட பெரியப்பா ஒருத்தரு, பெரிய மீசை, வெள்ளை வேட்டி, அவருதான் அவிங்க பக்கத்துக்குப் பேச்சாளி. "வாங்க மாப்ள, உக்காருங்க"ன்னாரு.

"பரவாயில்லீங், நிக்கறேன்"னேன்.

"அட, உக்காருங்க. தட்டை யாரு வாங்கறது?"

குனிஞ்சு பாத்தேன். பாதி தூரம் போனேன், பேன்ட்டு என்னைத் தூக்கி மேல நிறுத்திப்போடுச்சு. முட்டி மடங்கவே இல்லீங். இன்னொரு தடவை குனிஞ்சேன், அதே கதை. சின்னப் பசங்க சிரிக்கறாங்க. பெரியப்பா சிரிக்கலை. "ஏனுங் தம்பி, மனசுல எதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பொறகு பேச்சு வேண்டாம்"னாரு.

"மனசுல ஒண்ணும் இல்லீங்."

"அப்ப உக்காருங்க."

"என்னால உக்கார முடியாதுங்."

இவ்வளவுதான் நானு சொன்னேன். இதுல என்ன தப்புங்ணா? உண்மையைத்தானே சொன்னேன்? அத்தனை பேரு முன்னால, என்ற பேன்ட்டு மடங்கலைன்னா சொல்ல முடியும்? மானம் மரியாதை இல்லீங்களா? பிருந்தா பின்னால இருந்து ஓடியாந்து, "அவரு பேன்ட்டு புதுசுங் பெரியப்பா, அதனாலதான்"னு கையெடுத்துக் கும்பிட்டா. அவரு நம்பலை. "பேன்ட்டு புதுசுன்னா உக்கார முடியாதா அம்மிணி? யாருகிட்டக் கதை சொல்றே?"ன்னுட்டாரு.

எங்க மாமனாரு என்ன பண்ணுனாரு, பொறத்தால வந்து என்ற ரெண்டு தோளையும் புடிச்சு அழுத்துனாரு. நானு நேராக் கீழ உக்காராம, அப்படியே மரமாட்டம் சரிஞ்சு அந்தப் பெரியப்பா மடியிலயே உளுந்துட்டேன். தூக்கி விட்டாங்க. பாத்தா, அவரு வெள்ளை வேட்டி தொடை பூரா நீலம். ஈர நீலம். அவரு அந்த நீலத்தைப் பாத்தாரு, அவரு தம்பியை, அதான் பையனோட அப்பாவைப் பாத்தாரு, "எந்திரிங்க போலாம். ஊருக்குப் போயி போன் பண்றோம்"னாரு. ஊருக்குப் போயி போன் பண்றதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாததா?

இங்க பாருங்க, இந்த முட்டிக்குப் பொறத்தால. இந்த வளைஞ்ச கோடு தெரியுதா? இது அன்னிக்கு சரிஞ்ச சரிவுல விழுந்த கோடுங்ணா. ஈரத்துல விழுந்தது, அப்படியே நின்னுருச்சு. இப்படி ஒரு கோடு எங்க குரூப்புல ஒருத்தனுக்கும் இல்லை. வீடியோ கால்ல பாத்துட்டு அந்த டாக்டரு கேக்கறாரு, "எப்படி ப்ரோ விழ வெச்சீங்க?"ன்னு. நானு சொல்லலை. தொழில் ரகசியம்னுட்டேன்.

மிருதுளாவா? அவ உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டா. பிருந்தா கதவுக்கிட்டயே உக்காந்துக்கிட்டா. "வா, போலாம்"னு கூப்பிட்டேன். என்னை நிமுந்துகூடப் பாக்கலை. "என்ற தங்கச்சிக்கு ஒரு வழி பொறக்கற வரைக்கும் நானு இங்கதான்"னா. சரி, நாலு நாளுல கோவம் தணிஞ்சா வருவான்னு நானும் வந்துட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்ங்கற மாதிரி, மடங்காதது பேன்ட்டு, பேச்சு வாங்கறது நானு. அந்தப் பெரியப்பாவுக்கு இஷ்டம் இருந்திருந்தா, நின்ன கையிலயே தட்டைக் குடுத்துட்டுப் போயிருக்கலாமில்ல? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

வாசனை அடிக்குதுங்களா? மூக்கைச் சுருக்கறீங்க. அது சாயத்தோட வாசனைங். தொவைக்கக் கூடாதுங்ணா, தொவைச்சாக் கோடு போயிரும். அதுக்கு வேற வைத்தியம் இருக்குது. கவருல சுத்தி ஃப்ரீசர்ல வெச்சுட்டா கிருமி செத்துரும். பிருந்தா இருந்தப்ப வெக்க விடலை, மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்துலயான்னு சண்டை. இப்ப ஃப்ரீசர் பூரா நம்முளுதுதான். அதுல ஒரு சௌரியம், பொய் சொல்லக் கூடாது.

இந்த முன்பாக்கெட்டைப் பாருங்க. செவ்வகமா வெளுத்திருக்குதா? அது போன். போன் ஒரே எடத்துல இருக்கோணும், எடுத்து எடுத்து வெச்சா அந்த ஓரம் கலைஞ்சிரும். பிருந்தா கூப்பிடறப்ப தொடையில அதுரும். தெரியும், அவதான்னு. ரெண்டு தடவைக்கு ஒரு தடவை எடுக்க மாட்டேன். அவளும் கொறைச்சுக்கிட்டா. ஆனா எடுத்தா, நல்லாத்தான் பேசுவேன். "சாப்பிட்டீங்களா?"ம்பா. "நீ வா, சாப்பிடறேன்"ம்பேன். அப்புறம் அவ போனை வெச்சிருவா.

இன்னிக்கு என்னன்னா, அவ சும்மா இருக்கலைங்ணா. ரெண்டு மாசமா அந்தப் பெரியப்பா ஊட்டுக்கு நடையா நடந்திருக்கறா. ஒரு நா வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிட்டாராம். மறுபடியும் போயிருக்கறா. கடைசியில அவரு மனசு எறங்கி, "சரி அம்மிணி. உன்ற ஊட்டுக்காரர் எங்க முன்னால வந்து உக்காந்து, கையில தட்டை வாங்கட்டும். அதுக்கப்புறம் எனக்குப் பேச்சில்லை"ன்னு சொல்லிட்டாரு. பதினோரு மணிக்கு வராங்க. நானு போயி உக்காந்தாப் போதும். அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் கூடிரும், எம்பொண்டாட்டி எனக்கு வந்துருவா. இந்தத் தடவை விட்டா அவ்வளவுதானுங். பையனுக்கு வேற எடம் பாக்க ஆரம்பிச்சுட்டாங்களாம்.

வேட்டி இருக்குதுங், பையிலதான் இருக்குது. புது வேட்டி, பட்டுக்கரை. அங்க போயி மாத்திக்குவேன். அப்புறம் எதுக்கு இதைப் போட்டுட்டு வரேன்னு கேக்கறீங்க. தெனமும் போடோணும்ங்கறது போட்டியோட சட்டமுங்ணா. நாளைக்குப் போட்டோ. இன்னிக்கு ஒரு நாளைக்காகக் கழட்டி வெச்சா, என்ற மனசாட்சிக்கு நானு என்ன பதில் சொல்றது?

அன்னூரு தாண்டிட்டமா? தாண்டிட்டோம். அவ மூஞ்சியை நேருல பாத்து எத்தனை நாளாச்சு. எறங்குன ஒடனே என்ன பேசறதுன்னே தெரியலை. "எளைச்சுட்டியே"ன்னு கேக்கலாமா? உக்காந்துக்கறேன். வேண்டாம், நிக்கறேன். நின்னாத்தான் சௌரியம்.

ஏனுங்ணா... அது மழையா? ஐயையோ, ஜன்னலைச் சாத்துங்க! சாத்துங்ணா, சாரல் இங்க வருது! முட்டி மேல விழுகுது பாருங்க!

உங்களுக்குத் தெரியாது. ஊற வெச்சா மொத்தமா நனைஞ்சு மொத்தமாக் காயும். இப்படிச் சொட்டுச் சொட்டா விழுந்தா திட்டுத் திட்டா ஆயிரும். நாளைக்குப் போட்டோவுல அம்மை போட்டாப்புல தெரியும். இத்தனை நாளு பட்ட பாடு பூரா வீணாப் போயிரும்.

என்னுங்? இங்கயே வேட்டியை மாத்திக்கறதா? பஸ்சுலயா? நல்லாச் சொன்னீங்க போங்க. இதைக் கழட்டறதுக்குக் கட்டில்ல படுத்துக்கிட்டு இழுக்கோணும். மேல சுத்திக்கறதா? சுத்திக்கிட்டா வேட்டி நீலமாயிரும், அப்புறம் சபைக்கு எதைக் கட்டிட்டுப் போறது? யோசிச்சுப் பேசுங்க.

கண்டக்டரு கூப்பிடறாரு. பிரிவு வந்துருச்சு. அந்தப் பிரிவுல ஒதுங்க ஒரு கூரை கெடையாதுங்ணா. வெறும் ரோடு. அங்கிருந்து ஊட்டுக்கு அரை மைலு நடக்கோணும்.

அதா, நிக்கறா பாருங்க. பச்சைச் சேலை. அவதான் பிருந்தா. எளைச்சுத்தான் போயிட்டா. குடை புடிச்சிருக்கறா. கையில இன்னொரு குடை, விரிக்காம... எனக்குக் கொண்டாந்திருக்கறா. எனக்குன்னு கொண்டாந்திருக்கறா, பாத்தீங்களா?

ஆனா குடை இடுப்பு வரைக்குந்தானுங்களே? முட்டிக்குக் கீழ?

கண்டக்டரே, கண்டக்டரே! புளியம்பட்டிக்கே ஒரு டிக்கெட் போட்டுருங்க. எறங்கலீங், எறங்கலை. புளியம்பட்டி பஸ் ஸ்டாண்டுல கூரை இருக்குது. மழை விட்டதும் ஒரு ஆட்டோவைப் புடிச்சா, சித்த முன்னப்பின்ன ஆனாலும் போயிருவேன். எல்லாம் கணக்குப் போட்டுத்தான் சொல்றேன். நீங்க விசில் குடுங்க.

ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துட்டே வாராளுங்ணா. சித்த மறைச்சுக்கங்க, நானு குனிஞ்சுக்கறேன். குனிய... அட, குனிய முடியலையே. மடங்க மாட்டேங்குதே. அம்மா...

பாத்துட்டா.

நேருக்கு நேராப் பாத்துட்டா. கையைக் காட்டுனேன், முன்னால முன்னாலன்னு. புளியம்பட்டின்னு. புரிஞ்சிருக்கும். படிச்சவ. பஸ் எடுத்துட்டாங்களா? எடுத்துட்டாங்க. பொறத்தால பாத்துச் சொல்லுங்ணா, நிக்கறாளா? ஊட்டைப் பாத்து நடக்கறாளா? எனக்குத் திரும்ப முடியலை. சொல்லுங்ணா, நடக்கறாளா?

என்னுங்ணா எந்திரிச்சுட்டீங்க? சத்திக்கு இன்னும் தூரம் இருக்குதே. முன்னால அந்த சீட்டுக்கா போறீங்க? அங்க ஜன்னல் ஒழுகுமுங். சரி, போங்க, போங்க. நானும் சித்த காலை நீட்டிக்குவேன்.